நூத்திப் பன்னெண்டு நாள் சிவப்பு

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், ஏ.சி. காத்து நேரா பொடனியிலயே அடிக்குது. நான் காலையில இருந்து மூணு நாற்காலி மாறிட்டேன். இண்டர்வியூவுக்குங்களா? எந்தப் போஸ்ட்டுக்கு? ஸ்டோர்ஸா? அப்பச் சரி. நமக்குள்ள போட்டி இல்லை, தாராளமாப் பேசலாம்.

நான் எச்.ஆருக்கு வந்திருக்கேனுங்க. எம்பேரு தெய்வசிகாமணி. கோயமுத்தூர்ல ஒரு பம்பு கம்பெனியில எச்.ஆர். மேனேஜரு, பதினோரு வருஷமா. கம்பெனி பேரு வேண்டாம், இன்னும் அங்கதான் சம்பளம் வாங்கிட்டிருக்கேன். மாமியாருக்குக் கண் ஆபரேஷன்னு லீவு சொல்லிட்டு ராத்திரி பஸ் ஏறி வெடியால ஓசூர் வந்திருக்கேன். மாமியாருக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே ரெண்டு கண்ணும் பண்ணியாச்சு. இதே பொய்யை ஒரு ஒர்க்கர் சொல்லியிருந்தா நான் மெமோ குடுத்திருப்பேன். அது வேற விஷயம்.

இண்டர்வியூ பத்தரைக்கே முடிஞ்சுதுங்க. நல்லாத்தான் பண்ணினேன். 'வெரிஃபிகேஷன் பண்ணிட்டுச் சொல்றோம் சார், வெளிய உக்காருங்க'ன்னாங்க. அதோ, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நீலச் சுடிதார் போட்ட பொண்ணு ஃபோனோட நடக்குதுல்ல, அதுதான் வெரிஃபிகேஷன். பேரு ஜெனிபா. வழக்கமா மேல இருக்கறவங்களைத்தான் கேப்பாங்க. இங்க தலைகீழுங்க. 'உங்களுக்குக் கீழ இருக்கறவங்க ரெண்டு பேரு நம்பர் குடுங்க, ஆளு எப்படின்னு அவங்கதான் சரியாச் சொல்லுவாங்க'ன்னு ஃபாரத்துலயே போட்டிருக்குது. ஒண்ணு, எனக்கு டீ கொண்டு வர்ற கேண்டீன் மாரக்கா நம்பர் குடுத்தேன். இன்னொண்ணு சென்னியப்பன்.

அவன் என்ன சொல்லுவான்னுதாங்க தெரியலை. அதான் இப்படி எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்கிட்டிருக்கேன். தப்பா நினைச்சுக்காதீங்க.

இந்த வேலை எனக்குக் கிடைச்சே ஆகோணும் தம்பி. பதினாலு மாசத்துல அறுவத்தி நாலு எடத்துக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கேன். கூப்பிட்டது மூணே பேரு. மிச்ச எல்லாம் 'உங்கள் விவரங்களைப் பாதுகாத்து வைத்துள்ளோம்'ன்னு ஒரே வரி. அந்த வரியை நானே எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கேன், எனக்குத் தெரியாதா? எனக்கு நாப்பத்தொன்பது ஆச்சு. தினமும் காலையில வண்டி ஸ்டேண்டுல ஹெல்மெட்டைக் கழட்டாம இருவது நிமிஷம் உக்காந்திருப்பேன். உள்ள போக மனசே வராது. அப்புறம் போவேன், பச்சையை அமுக்குவேன், ரூமுக்குப் போயி உக்காந்துக்குவேன்.

பச்சைன்னா? ஓ, உங்களுக்குத் தெரியாதுல்ல. சொல்றேன் கேளுங்க.

எங்க எம்.டி.யோட பொண்ணு வெளிநாட்டுல படிச்சுட்டு வந்துச்சுங்க. சின்ன எம்.டி.ன்னு சொல்லுவோம். நல்ல பொண்ணுதான், குறை சொல்லக்கூடாது. போன ஜூன் மாசம் ஒரு மெஷின் வாங்கிட்டு வந்து கேட்டுல வெச்சுது. மூணு பட்டன், ஒவ்வொண்ணுலயும் ஒரு மூஞ்சி. பச்சை சிரிக்கும், மஞ்சள் உம்முன்னு இருக்கும், சிவப்பு அழும். வேலைக்கு உள்ள வர்றவங்க இன்னிக்கு மனசு எப்படி இருக்குதுன்னு ஒண்ணை அமுக்கிட்டு வரோணும். 'அங்கிள், யாரு பேரும் தெரியக்கூடாது, அப்பத்தான் உண்மையைச் சொல்லுவாங்க'ன்னு சொல்லுச்சு. நான்தான், பேரு தெரியாம எப்படிம்மா நம்ம கவனிக்கறதுன்னு கேட்டு, பஞ்சிங் மெஷினோட கோத்துவிட்டேன். விரலை வெச்சா வருகை, கூடவே மனநிலை. என்ற சொந்த ஐடியாதாங்க அது.

மொத வாரம் நாப்பத்தொரு சிவப்பு. அட சாமீ, முன்னூறு பேருல நாப்பத்தொண்ணு! விடுவனா? 'பதினைஞ்சு நிமிஷக் கவனிப்பு'ன்னு ஒரு திட்டம் போட்டேன். யாரு சிவப்பு அமுக்கறாங்களோ, ஷிஃப்ட் முடிஞ்சதும் நாலரைக்கு என்ற ரூமுக்கு வந்து பதினைஞ்சு நிமிஷம் மனசு விட்டுப் பேசோணும். கட்டாயம். டீ உண்டு, பிஸ்கட் உண்டு. ஒரே வாரந்தான் தம்பி. அடுத்த வாரம் பூராப் பச்சை! தொண்ணூத்தொன்பது சதவீதத்துக்கு மேல! பேசற பேச்சுல என்ன சக்தி இருக்குது பாருங்க.

கம்பெனி பஸ்ஸு நாலு நாப்பதுக்குக் கிளம்பிரும், அது வாஸ்தவந்தான். உள்ள உக்காந்து பேசினா பஸ்ஸு போயிரும், டவுன் பஸ்ஸுல ரெண்டு வண்டி மாறிப் போகோணும். அதுனாலதான் யாரும் அமுக்கலைன்னு கேண்டீன்ல ஒரு பேச்சு ஓடுச்சு. சும்மா பேசுவானுங்க. அப்படி இருந்தா என்கிட்ட வந்து ஒருத்தனாவது சொல்லியிருக்க மாட்டானா? செப்டம்பர்ல எங்களுக்கு ஷீல்டு குடுத்தாங்க தம்பி, 'மகிழ்ச்சியான பணியிடம்'ன்னு. என்ற ரூம்லதான் இருக்குது.

இருங்க, ஃபோனை வெச்சிருச்சு. சிரிக்குதா அது? இல்லை, தண்ணி குடிக்குது. மறுபடியும் நம்பர் போடுது. மாரக்கா முடிஞ்சிருக்கும். இப்ப அவனுக்குத்தான் போடுது.

எங்க விட்டேன்? ஆங், பச்சை. முன்னூறு பேருல ஒருத்தன், ஒரே ஒருத்தன், விடாம சிவப்பு அமுக்கினான். அதுதான் சென்னியப்பன். கிரைண்டிங்ல ஆபரேட்டரு, நாப்பது வயசுக்குள்ளதான் இருக்கும். சொந்தமா வண்டி வெச்சிருக்கான், பஸ்ஸுப் பிரச்சினை இல்லை. மொத நாள் நாலரைக்கு வந்து, செருப்பை வெளிய விட்டுட்டு நின்னான். வா சென்னியப்பா, உக்காரு, என்ன மனசுல கஷ்டம்னு கேட்டேன். 'மெஷினுக்கு மேல இருக்கற ஃபேனு ஓடலைங்க சார். மூணு மாசமாச்சு. சூடு தாங்கலை'ன்னான்.

எனக்குச் சப்புன்னு போச்சுங்க. ஏனுங்க, ஃபேனுக்கு மெயிண்டனன்ஸ் இருக்குது, நான் எச்.ஆர். இது மனசைப் பத்திப் பேசற எடம். ஃபேனை விடு, உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்லுன்னேன். 'உள்ளுக்குள்ள வேகுதுங்க சார்'ன்னான். நோட்டுல 'மன அழுத்தம்: மிதம்'ன்னு எழுதி அனுப்பிவெச்சேன். மறுநாள் பாத்தா மறுபடியும் சிவப்பு. மறுபடியும் நாலரை. மறுபடியும் ஃபேனு.

மொதல்ல கடுப்பாத்தான் இருந்துச்சு. லொள்ளுக்குன்னே பண்றான்னு நினைச்சேன். அப்புறம் என்னாச்சுன்னா, பேச்சு மாறிருச்சுங்க. தினமும் ஃபேனையே எத்தனை தரம் பேசறது? நான் ஒரு விஷயம் சொல்லுவேன், அவன் கேட்டுக்குவான். குறுக்க பேசவே மாட்டான். அந்த மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததே இல்லை தம்பி. பையன் எங்கூடப் பேசறதில்லைன்னு சொன்னேன். வண்டி ஸ்டேண்டுல உக்காந்திருக்கறதைச் சொன்னேன். அப்ளிகேஷன் போட்டுக்கிட்டிருக்கற விஷயம் எங்கூட்டு சம்சாரத்துக்கே தெரியாது, அவனுக்குத் தெரியும். பதினைஞ்சு நிமிஷம் அரை மணி ஆச்சு, முக்கால் மணி ஆச்சு. 'மாடு கறக்கோணுங்க சார்'ன்னு எந்திரிப்பான். தினமும் அதே சாக்கு. இரு சென்னியப்பா, மாடு எங்கயும் போயிராது, இன்னொரு டீ குடின்னுவேன். கெளம்பறப்ப வாசப்படியில நின்னு, 'அப்ப அந்த ஃபேனுங்க சார்'ம்பான். பாக்கலாம் பாக்கலாம்னுவேன். நாம போயிட்டு வர்றேன்னு சொல்றோம்ல, அந்த மாதிரி அவனுக்கு அது ஒரு பழக்கம்.

நாலு மணி ஆயிட்டாலே எனக்கு இருப்புக் கொள்ளாது. நாலு இருவதுக்கே ரெண்டு டீ சொல்லிருவேன். அவன் லீவு போட்டா அன்னிக்கு ஏகத்துக்கும் எரிச்சலா வரும், யாரு மேலயாவது பாயுவேன். அது எதுனாலயோ. சுகர் இருக்குதுங்க எனக்கு.

தீபாவளி முடிஞ்சு ஒரு நாள் வந்தவன், 'சார், எனக்கு ஒரு பயோடேட்டா எழுதித் தருவீங்களா'ன்னான். அவிநாசி ரோட்டுல ஒரு கம்பெனியில ஆள் எடுக்கறாங்களாம். ஷெட்டு பூராக் காத்தோட்டமா இருக்குதாம். சரின்னு நானே உக்காந்து எழுதிக் குடுத்தேனுங்க. அவன் செஞ்சதை எல்லாம் ஒண்ணு விடாம எழுதினேன். ஒரு மைக்ரான்கூடப் பிசகாம வேலை பாக்கறவன். இண்டர்வியூல அங்கயே மெஷின் ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்காங்க, அசந்துட்டாங்களாம். கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரி. வெரிஃபிகேஷன் ஃபோனு ஒண்ணுதான் பாக்கி. அது யாருக்கு வரும்? எங்க கம்பெனி எச்.ஆருக்கு. எனக்குத்தான் வந்துச்சு.

'ஆளு எப்படிங்க சார்?'ன்னு அந்தம்மா கேட்டாங்க. வேலையில தங்கம்னு சொன்னேன். அதிகம் லீவு போடமாட்டான், குடி கிடையாது, வம்பு கிடையாதுன்னேன். எல்லாம் சொன்னேனுங்க. அப்புறம், மனநிலை எப்படின்னு கேட்டாங்க. நூத்திப் பன்னெண்டு நாள் தொடர்ந்து சிவப்பு மேடம், ரெக்கார்டு இருக்குதுன்னேன். தினமும் கவுன்சலிங் குடுத்தும் சரியாகலைன்னேன். 'அப்படிங்களா... தேங்க் யூ சார்'ன்னு வெச்சுட்டாங்க.

இல்லை, நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? உள்ளதைத்தானே சொன்னேன்? பொய்யா சொல்லோணும்? ஒரு எச்.ஆரு இன்னொரு எச்.ஆருக்கு மறைக்கலாமா? ரெக்கார்டுன்னா ரெக்கார்டு. அன்னிக்குக் காலையில இருந்தே எனக்கு மனசு சரியில்லை, அது நெசந்தான். இவன் போயிட்டா நாளைக்கு நாலரைக்கு என்ன பண்றதுன்னு ஒரு... அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை தம்பி. சித்த இருங்க, தண்ணி குடிச்சுட்டு வர்றேன்.

அப்பாடா. அந்தப் பொண்ணு இன்னும் பேசிக்கிட்டேதான் இருக்குது பாருங்க. ஏழு நிமிஷம் ஆச்சு. இவ்வளவு நேரம் என்ன சொல்றான் அவன்? ஒண்ணு ரெண்டு வார்த்தைக்கு மேல பேசற ஆளே கிடையாதே.

ரெண்டு நாள் கழிச்சு நாலரைக்கு வந்தான். 'ஆகலைங்க சார்'ன்னான். அவ்வளவுதான். எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. பஃப்ஸ் வாங்கிட்டு வரச் சொல்லிக் குடுத்தேன். மனசை விட்ராத, எனக்கெல்லாம் அறுவது எடத்துல ஆகலைன்னு ஆறுதல் சொன்னேன். பஃப்ஸைக் கையிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தான், சாப்பிடலை. அன்னிக்கு வீட்டுக்குள்ள போறப்ப நான் பாட்டு முணுமுணுத்துக்கிட்டே போனேனாம். சம்சாரம் கேட்டா, 'என்ன, இன்னிக்குக் குஷியா இருக்கறாப்பல இருக்குது'ன்னு. எனக்கே தெரியலை.

மறுநாள் காலையில பச்சை அமுக்கிட்டான் தம்பி.

நான் நம்பலை. மூணு தரம் கம்ப்யூட்டரைப் பாத்தேன். மெஷின்காரனுக்கு ஃபோன் போட்டு, சிவப்புப் பட்டன் வேலை செய்யுதான்னு கேட்டேன். வந்து அமுக்கிப் பாத்துட்டு, நல்லாத்தான் இருக்குதுங்கன்னுட்டான். அடுத்த நாளும் பச்சை. அடுத்த நாளும். சின்ன எம்.டி. கேக் வாங்கிட்டு வந்துருச்சு. 'அங்கிள், நூறு சதவீதம்! சாதிச்சுட்டீங்க'ன்னு எனக்கு ஊட்டி விடுது. எல்லாரும் ஃபோட்டோ எடுக்கறாங்க. நான் கடியாரத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறேன். அன்னிக்கும் நாலு இருவதுக்கு ரெண்டு டீ வந்துச்சு. வேண்டாம்னு சொல்ல மறந்துட்டேன். ரெண்டையும் நானே குடிச்சேன். எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. எதுக்கு அழுகோணும் சொல்லுங்க? நூறு சதவீதம் வந்த அன்னிக்கு?

ஒரு வாரம் பொறுத்துப் பாத்தேன். அப்புறம் நானே கிரைண்டிங்குக்குப் போனேன். பதினோரு வருஷத்துல அந்தப் பக்கம் நான் போனது நாலஞ்சு தரம் இருக்கும். உள்ள கால் வெச்சதும் அடுப்புக்குள்ள போன மாதிரி இருந்துச்சு. சட்டை ரெண்டே நிமிஷத்துல முதுகோட ஒட்டிக்கிச்சு. அவன் மெஷின்ல குனிஞ்சு நின்னுக்கிட்டிருந்தான். ஏன் சென்னியப்பா, இப்பெல்லாம் பச்சை அமுக்கறேன்னு கேட்டேன். 'சந்தோஷமா இருக்கேனுங்க சார்'ன்னான். நிமுந்தே பாக்கலை. ரூமுக்கு வாயேன், சும்மா பேசலாம்னேன். 'சிவப்பு அமுக்கினாத்தானுங்க சார் வரோணும்? நான் அமுக்கலையே'ன்னான். ரூல் நான் போட்டதுதான். திரும்பி வந்துட்டேன். அதுல இருந்து மூணு மாசமா என்கிட்ட அவன் ஒரு வார்த்தை பேசலை. எதுக்குக் கோவம்னே தெரியலைங்க. நான் அவனுக்கு என்ன குறை வெச்சேன்? பயோடேட்டா எழுதிக் குடுத்தது யாரு?

அப்புறம் ஏன் அவன் நம்பரைக் குடுத்தேன்னு கேக்கறீங்க. வேற யாரு நம்பரைக் குடுக்கறது தம்பி? முந்தாநாள் ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்துட்டேன். முன்னூறு பேருல எனக்கு யாரையுமே தெரியாது. பேரு தெரியும், டோக்கன் நம்பர் தெரியும். என்னையத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். நேத்துச் சாயங்காலம் கேட்டுக்கு வெளிய அவன் வண்டியை மறிச்சு நிறுத்திச் சொன்னேன். எனக்கு இது கடைசி சான்ஸு, ஃபோன் வரும், பாத்துச் சொல்லுன்னு. கையைப் பிடிச்சுட்டேன்னு வெச்சுக்கங்களேன். 'சரிங்க சார்'ன்னுட்டு வண்டியை எடுத்துட்டான்.

வருது வருது. அந்தப் பொண்ணு எந்திரிச்சு வருது. சட்டை நல்லா இருக்குதா பாருங்க.

ஆமாங்க மேடம்... சொல்லுங்க... அப்படிங்களா?... ரெண்டு பேருமா?... தேங்க் யூ மேடம். இங்கயே இருக்கேன். ரொம்ப தேங்க்ஸ் மேடம்.

கேட்டீங்களா தம்பி? கேட்டீங்களா? 'இந்த மாதிரி ஃபீட்பேக் எங்களுக்கு இதுவரைக்கும் வந்ததே இல்லை சார்'ங்குது! ஆஃபர் லெட்டர் பிரிண்ட் ஆகுதாம், பத்து நிமிஷமாம்! தங்கமான மனுஷன்னு சொன்னானாம். பொறுமைசாலின்னு சொன்னானாம். தொழிலாளி வீட்டு மாடு வரைக்கும் விசாரிப்பாருன்னு சொன்னானாம்! பாத்தீங்களா? நான் சும்மா சந்தேகப்பட்டுட்டேன். அவன் மனசு பொன்னுங்க. இருங்க, அவனுக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிர்றேன். பன்னெண்டு நாப்பது, சாப்பாட்டு நேரந்தான், கேண்டீன்ல இருப்பான்.

அலோ, சென்னியப்பா! ஆமா, நான்தான். கெடைச்சிருச்சுப்பா! ஆமா, இப்பத்தான்... அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி சேரச் சொல்றாங்க. இல்லையில்லை, உறுதியாத்தான். லெட்டரே அடிச்சுட்டிருக்காங்க. நான் உனக்கு எப்படி நன்றி... நீ அப்படியெல்லாம் சொல்லுவேன்னு நான் நினைக்கவே இல்லைப்பா. எம்மேல உனக்கு இத்தனை பிரியம் இருக்குதா?... என்ன?... யாரு சொன்னா?... சரி... சரி சென்னியப்பா. சரி, வெச்சர்றேன்.

ஒண்ணுமில்லை தம்பி.

ஒண்ணுமில்லைங்க. அந்த அவிநாசி ரோட்டுக் கம்பெனிக்கு அன்னிக்கே நேர்ல போயிக் கேட்டிருக்கான், ஏன் எடுக்கலைன்னு. அவங்க சொல்லிட்டாங்களாம். அன்னிக்கு அவன் பஃப்ஸைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தப்பவே அவனுக்குத் தெரியுமாம்.

அப்புறம் ஏன் இப்படி நல்லதாச் சொன்னேன்னு நான் கேக்கக்கூட இல்லை, அவனே சொன்னான். 'நீங்க என்னையப் பத்தி உள்ளதைச் சொன்னாப்பல நானும் உங்களைப் பத்தி உள்ளதைச் சொல்லியிருந்தா, நீங்க இங்கயே இருந்துருவீங்களே சார்'ன்னான். மாரக்காகிட்டயும் அவன்தான் சொல்லிக் குடுத்தானாம், என்னென்ன பேசோணும்னு. கோவமா எல்லாம் பேசலைங்க. மரியாதையாத்தான் சொன்னான். 'போயிட்டு வாங்க சார்'ன்னான்.

சொல்லிட்டு, ஃபோனை வெக்கறதுக்கு முன்னாடி அங்க இருந்தவங்ககிட்டச் சொல்றான், எனக்குக் கேக்குது, 'சாருக்குக் கெடைச்சிருச்சாம்'ன்னு. ஒரே சத்தம். தட்டைத் தட்டறாங்க, விசிலடிக்கறாங்க, யாரோ ஒருத்தன் ஆடறான் போல. கேண்டீன் பூராச் சிரிக்குது.

கூப்பிடுதுங்களா? ஆமா, லெட்டர் வந்துருச்சு. போறேன், போறேன். சித்த இருங்க. பதினோரு வருஷம் அங்க குப்பை கொட்டியிருக்கேன் தம்பி. அவங்க அப்படிச் சிரிச்சு நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.